கம்ப்யூட்டர் வந்தது சரி, நோட்டு எப்போது போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகள் காகிதமில்லாமல் மாறிவருவது பற்றி சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. நோயாளியின் விவரமெல்லாம் கணினியில் ஏறிவிடுவதால் செவிலியர்களுக்கு எழுத்து வேலை குறைந்துவிட்டது, நோயாளியைக் கவனிக்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறது என்று அதில் இருந்தது. எங்கள் டூட்டி ரூமில் ஒருத்தி அதைச் சத்தமாகப் படித்தாள். இரவு டூட்டி முடித்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்தவள்கூட எழுந்து உட்கார்ந்து, "எந்த ஊர்ல?" என்று கேட்டாள்.

நான் மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பெண்கள் பொது வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். கேஸ் ஷீட்டும், காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் டிபிஆர் சார்ட்டும் மட்டுமே இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நர்ஸ்கள் வாயைத் திறந்தாலே, "புதுசா எது வந்தாலும் இவங்களுக்கு ஆகாது" என்று ஒரு முத்திரை தயாராக இருக்கிறது.

வந்ததில் நல்லது உண்டு, அதுவும் சாதாரண நல்லது இல்லை. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து யூனிட் என்பதற்கு எண்ணைப் போட்டு, பக்கத்திலேயே ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டினாற்போல எழுதுவது டாக்டர்களின் பழக்கம். அவசரக் கையெழுத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் 10 என்பது 100 ஆகிவிடும். அனுபவமுள்ள நர்ஸ் நின்று யோசிப்பாள், போன் போட்டுக் கேட்பாள். புதிதாக வந்த பெண், அதுவும் திட்டு வாங்கப் பயந்தவள், என்ன செய்வாள் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். இப்போது திரையில் அளவுக்கு ஒரு கட்டம், யூனிட்டுக்குத் தனியாக ஒரு கட்டம். அந்தப் பயம் போய்விட்டது. அதேபோல ராத்திரி அனுப்பிய ரத்தத்தில் பொட்டாசியம் 2.8 என்று ரொம்பக் குறைவாக வந்தால், ஆயா போய் லேபிலிருந்து சீட்டை வாங்கி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திரையில் சிவப்பில் வந்து நிற்கும், உடனே டியூட்டி டாக்டரை எழுப்பலாம். பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எம்ஆர்டி என்கிற ஆவண அறையில் தூசிக்குள் உட்கார்ந்த நாட்களை நினைத்தால் இதெல்லாம் பெரிய வரம்தான்.

அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் வந்தது, நோட்டு போகவில்லை. என் குறை இவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்று ஒரு வார்டை என்ன பாடு படுத்துகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

காலை ஆறு மணி ரவுண்டு. இரவு டூட்டியில் நாங்கள் இரண்டு பேர், வார்டில் 28 கட்டில். எல்லோருக்கும் பிபி, பல்ஸ், டெம்பரேச்சர், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரலில் குத்திப் பார்க்க வேண்டும். யூரின் பேக் போட்டவர்களுக்கு அளந்து கொட்ட வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று கொடுத்தார்கள். அதன் பேட்டரி சீக்கிரமே செத்துவிட்டது. இப்போது அதன் மேல் சலைன் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். நல்ல உறுதியான வண்டி. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது கட்டுப் போட ஒட்டுகிற மைக்ரோபோர் டேப்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து யூனிஃபார்மில் தொடைக்கு மேலே ஒட்டிக்கொண்டு, கட்டில் எண்ணும் பிபியுமாகப் பால்பாயின்ட்டில் எழுதிக்கொண்டே போவோம். தண்ணீரோ ஸ்பிரிட்டோ பட்டால் மை கலங்கிவிடும், அதனால் கை கழுவும்போதெல்லாம் ஒரு காலைப் பின்னால் வைத்துச் சாய்ந்து நிற்கிற ஒரு நிலை எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. டேப்பில் இருப்பதைக் கட்டிலில் தொங்கும் சார்ட்டில் எழுத வேண்டும். அதை முடித்துவிட்டு ஸ்டேஷனில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நோயாளியாகத் திறந்து தட்ட வேண்டும். பிறகு பகல் டூட்டிக்கு ஹேண்டிங் ஓவர் கொடுக்க ரிப்போர்ட் புக்கில் முக்கியமானதை மறுபடி எழுத வேண்டும். ஒரு பிபி, நாலு இடம்.

இதில் நேரம் போகிறது என்பது எல்லோருக்கும் புரியும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எங்கள் மென்பொருள், தட்டச்சு செய்த நேரத்தையே அளந்த நேரமாக எடுத்துக்கொள்கிறது. மாற்றலாம்; ஆனால் மாற்றினால் காரணம் கேட்டு ஒரு பட்டியல் திறக்கும், மேலதிகாரிக்கு ‘தாமதப் பதிவு’ என்று தகவல் போகும், மாதக் கூட்டத்தில் பெயர் வாசிப்பார்கள். யார் மாற்றுவார்கள்? திரையை நம்பினால், எங்கள் வார்டில் 28 பேருக்கும் ஏழரை மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் பிபி பார்த்து முடித்திருக்கிறோம். ஆஸ்பத்திரி உலகத்தில் இப்படி ஒரு வேகத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இதனால் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். நுரையீரல் சளிக்காகச் சேர்ந்திருந்த ஓர் அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்கு 102 டிகிரி. ஆறேகாலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தாயிற்று. மருந்து கொடுத்ததை மட்டும் உடனே போய் அழுத்திவிடுவோம், இல்லாவிட்டால் அந்தப் பெயர் சிவப்பாகி, சிவப்பு எத்தனை என்று எண்ணிக்கை மேலே போகும். டெம்பரேச்சருக்கு அந்த அவசரம் இல்லை, அது டேப்பிலேயே இருந்து ஏழே முக்காலுக்குத்தான் ஏறியது. எட்டரை மணி ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் திரையைப் பார்க்கிறார்: 6.15-க்கு மருந்து, 7.45-க்கு 102. "மருந்து கொடுத்து ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறமும் 102-ஆ?" என்று, ஆன்டிபயாடிக்கை மாற்றி, கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி, ஆர்டரே போட ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து, காய்ச்சல் விட்டு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சார்ட்டை எடுத்துக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்ன பிறகுதான் ஆர்டரை நிறுத்தினார்.

‘அப்படியானால் காகித சார்ட் இருந்தது நல்லதுதானே’ என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் நிர்வாகமும் அதைத்தான் சொன்னது. நான் சொல்வது நேர் எதிர். காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்கு வர முடிகிறது என்பதால்தான் அந்த ஒன்றேமுக்கால் மணி நேர இடைவெளி விழுந்தது. கட்டில் பக்கத்திலேயே ஒரு டேப்லெட்டில் நேரடியாக ஏற்றியிருந்தால் டேப்பும் இல்லை, சார்ட்டும் இல்லை, குழப்பமும் இல்லை.

ஏன் இரண்டையும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மூன்று பதில் வரும். முதல் பதில், கோர்ட். நாளைக்கு ஒரு கேஸ் என்று வந்தால் நர்ஸின் கையெழுத்துள்ள காகிதம் வேண்டும் என்பார்கள். என் அக்கா மகன் வக்கீல், அவனிடம் கேட்டேன். மின்னணு ஆவணத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே அங்கீகாரம் இருக்கிறது என்றான். பழைய சாட்சியச் சட்டத்திலும் அது சாட்சியமாகச் சென்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்திலும், உரிய சான்றிதழோடு கொடுத்தால் செல்லும். மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013-லேயே வெளியிட்டு, 2016-இல் திருத்தியும் கொடுத்திருக்கிறது. இதையெல்லாம் மேட்ரனிடம் சொன்னேன். "நீ நர்ஸா, வக்கீலா?" என்று கேட்டார். பாவம், அவருக்கு மேலே இருப்பவர்களிடம் அவரால் இதைப் பேச முடியாது.

இரண்டாவது பதில், இன்சூரன்ஸ். இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். காப்பீட்டுக்காரர்கள் கேஸ் ஷீட்டின் ஸ்கேன் நகல் கேட்கிறார்கள். அதற்காக டிஸ்சார்ஜ் அன்று கம்ப்யூட்டரில் இருக்கும் நர்சிங் குறிப்புகளைப் பிரின்ட் எடுக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு சீல் வைக்கிறோம். அதை மறுபடி ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். அப்புறம் அந்தக் காகிதத்தைக் கோப்பில் போட்டு எம்ஆர்டிக்கு அனுப்புகிறோம். காகிதமில்லா மருத்துவமனையில் மாதாமாதம் ஏ4 கட்டு முன்பைவிட அதிகமாக இறங்குகிறது என்று ஸ்டோர் கீப்பரே சொல்கிறார்.

மூன்றாவது பதிலில் நியாயம் இருக்கிறது: சர்வர் படுத்துவிட்டால்? டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று சர்வர்களை இணையம் வழியாகத் தாக்கி முடக்கினார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனையே ஏறத்தாழ இரண்டு வாரம் கையால் எழுதி நோயாளிகளைப் பார்த்தது. எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆபத்து வராது. மழை பெய்தால் போதும், நெட் போகும். ராத்திரி இரண்டு மணிக்குப் போனால் ஐடி பையன் போனை எடுக்க மாட்டான், எடுத்தாலும் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சிஸ்டர்" என்பான். ஆகவே காகிதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஆபத்துக்குக் காகிதம் வைத்திருப்பது வேறு, தினமும் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதுவது வேறு. வெற்று சார்ட் ஒரு கட்டு அலமாரியில் இருக்கட்டும். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் வார்டு நிலவரத்தையும் மருந்துப் பட்டியலையும் தானாகவே ஒருமுறை பிரின்ட் ஆகும்படி செய்யட்டும். சர்வர் விழுந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிடுவோம். எழுத்து எங்களுக்கு மறந்துபோகாது.

மென்பொருளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வாங்குவதற்கு முன்னால் எங்களில் ஒருவரிடமாவது காட்டியிருந்தால் சில விஷயங்களை ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்போம். மருந்தின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டினால் பட்டியல் விழும். ‘டி’, ‘ஓ’ என்று தட்டினால் டோபமின், டோபுடமின், டோம்பெரிடோன், டாக்ஸிசைக்ளின் என்று எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் நிற்கும். முதல் இரண்டும் உயிர் ஊசலாடும்போது போடுகிற மருந்துகள், வேலை செய்யும் விதம் வேறு. அலமாரியில் இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்று முதலாண்டு மாணவிக்கே சொல்லிக்கொடுக்கிறோம். திரையில் ஒட்டி உட்கார வைத்திருக்கிறார்கள்.

பெயர் விஷயம் இன்னொன்று. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் ஊரில் யாருக்குக் கடைசிப் பெயர்? இனிஷியலைக் கடைசியில் போடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், அப்புறம் புருஷன் இனிஷியல். ஓர் அட்டையில் லட்சுமி, இன்னோர் அட்டையில் லெட்சுமி. பிறந்த தேதி தெரியாத பாட்டிகளுக்கெல்லாம் ஜனவரி 1. பழைய சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தால் ரிசப்ஷனில் தேடிப் பார்ப்பார்கள். கூட்டம் நெருக்கினால் புது நம்பரே போட்டுவிடுவார்கள். அப்படி வந்த ஒரு லெட்சுமியின் திரையில் அலர்ஜி ‘இல்லை’ என்று இருந்தது. மருமகளிடம் பேச்சுக் கொடுத்தபோது, "போன வருஷம் இங்கதான் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சே" என்றாள். தேடினால் பழைய நம்பரில் பென்சிலின் அலர்ஜி என்று சிவப்பில் இருக்கிறது. ஆபா என்கிற மத்திய அரசின் 14 இலக்க சுகாதார அடையாள எண் எல்லோருக்கும் வந்துவிட்டால் இது சரியாகிவிடும் என்கிறார்கள். சரியாகட்டும். ஆனால் நடுராத்திரியில் மூச்சிரைக்க வரும் பாட்டியின் பதிவைத் திறக்க வேண்டிய ஓடிபி திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கல்லவா போகிறது?

என் நாத்தனார் கிராம சுகாதார செவிலியர், அரசு வேலை. அவரிடம் இதையெல்லாம் புலம்பினால், "உனக்காவது ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து தட்டுற வேலை" என்பார். கர்ப்பிணி விவரத்தை ரிஜிஸ்டரிலும் எழுத வேண்டும், பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளத்திலும் ஏற்ற வேண்டும். தடுப்பூசிக்குத் தனி நோட்டு, தனி செயலி. சிக்னல் கிடைக்காத ஊரில் பகலில் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு, ராத்திரி தன் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஏற்றுவார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை வரவில்லையென்றால் பிக்மியில் என்ன ஏறியிருக்கிறது என்று அவரைத்தான் கேட்பார்கள். 2018 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் பிக்மியில் கிடைக்கும் 12 இலக்க எண் வேண்டும் என்றாகிவிட்டதால் அதற்கும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஆனாலும் பிக்மியை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிற பெண் வேறு மாவட்டத்தில் பிரசவத்துக்குச் சேர்ந்தாலும், அந்த எண்ணைத் தட்டினால் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது, பிபி ஏறியதா, டிடி ஊசி போட்டாயிற்றா என்று அங்கே இருக்கும் நர்ஸுக்குத் தெரியும். முன்பெல்லாம் அட்டையை மாமியார் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். பயனை இவ்வளவு நன்றாக அறிந்தவரே கேட்பதும் நான் கேட்பதுதான்: ஏற்றியாகிவிட்டதே, இன்னும் எதற்கு ரிஜிஸ்டர்?

எங்கள் வார்டில் ஓய்வை நெருங்கிய மூத்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். எந்த நரம்பும் கிடைக்காத நோயாளி என்றால் ஐசியூவிலிருந்துகூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கேனுலாவை ஏற்றிவிடுவார். கம்ப்யூட்டரில் ஒற்றை விரல்தான். இரண்டு மணி நேரப் பயிற்சியை இரவு டூட்டி முடித்தவர்களுக்கும் சேர்த்துக் காலையில் வைத்தார்கள். பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடி தூங்கினோம். இப்போது அவர் பெயரில் சின்னப் பெண்கள் யாராவது தட்டிக்கொடுக்கிறார்கள். பதிலுக்கு அவர்களுடைய ஊசிகளை அவர் போட்டுவிடுகிறார். ஆக, யார் செய்தது யார் பெயரில் இருக்கிறது என்பது எங்களுக்கே குழப்பம். பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் நடவடிக்கை என்று சுவரில் நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அவரவர் பெயரில் ஏற அவரவர் கையில் ஒரு கருவியும், கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் ஓர் ஆளும் கொடுத்திருந்தால் அந்த நோட்டீஸே தேவைப்பட்டிருக்காது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று காரணம் சொல்லி, காலியான இரண்டு நர்ஸ் இடங்களையும் நிரப்பவில்லை.

நோயாளிகளுக்கு இதெல்லாம் தெரியுமா? அவர்களுக்குத் தெரிவது எங்கள் முதுகுதான். போன வாரம் ஒரு பாட்டி, வலி எப்படி இருக்கிறது என்று நான் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டதற்கு, "ஏத்தா, வலி எனக்கா அந்தப் பொட்டிக்கா?" என்றார். வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை எண் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பாட்டி எண் சொல்லவில்லை. "நேத்துக்கு இன்னிக்கு பரவால்ல, இருமுனா மட்டும் பிடிக்குது" என்றார். டாக்டருக்குத் தெரிய வேண்டியது அந்த வாக்கியம்தான். அதை எழுதக் கட்டம் இல்லை. நான்கு என்று போட்டேன்.

எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. அரசுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கணினியில் ஏறிய எதையும் செவிலியர் மறுபடி கையால் எழுத வேண்டியதில்லை என்று சுகாதாரத் துறை ஓர் ஆணை போடட்டும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அதைக் கேட்டு வாங்கட்டும். காப்பீட்டு நிறுவனங்களும் பிரின்ட், சீல், ஸ்கேன் என்று கேட்காமல் நேரடியாக மின்பதிவையே ஏற்கும்படி அதிலேயே சேர்த்துவிடலாம். மருத்துவமனைகளில் புதிய மென்பொருள் தொடங்குகிற அன்றே, எந்த நோட்டு எந்தத் தேதியோடு மூடப்படும் என்று எழுதி ஸ்டேஷனில் ஒட்ட வேண்டும். தேதி இல்லாவிட்டால் எந்த நோட்டும் தானாக மூடாது. அளந்த நேரம் வேறு, பதிந்த நேரம் வேறு என்று இரண்டு கட்டம் வேண்டும்; முதலாவதை நிரப்பியதற்காக யார் பெயரையும் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. விலை பேசி முடிப்பதற்கு முன்னால், நிறைந்த வார்டில் ஒரு வாரம் இரவு டூட்டியில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்க வருகிற கம்பெனிக்காரரும் அந்த ஏழு இரவும் எங்களோடு ஸ்டேஷனில் உட்காரட்டும். டீ நாங்கள் போட்டுக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
மதுரை மாவட்டம்.
(பெயரையும் நான் வேலை பார்க்கும் இடத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)